மஞ்சள் மூட்டையில் அந்துருண்டை

இது நடந்தது மழைக்காலத்திலா, மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நாட்களிலா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. ஈரக் கம்பளி காயாமல் வீடு முழுக்க ஆட்டு வாடை அடித்தது நினைவில் இருக்கிறது. அதே வீட்டின் வாசல்படியில் நல்ல வெயில் விழ, நாலு பேர் குனிந்து ஒரு நூல் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நினைவில் இருக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில் எப்படி நடந்திருக்கும்? போகட்டும். நிறத்தைப் பற்றியாவது சரியாகச் சொல்ல முடியுமா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பச்சை எந்தப் பச்சை என்று அந்த வீட்டில் இருந்தவர்களாலேயே சொல்ல முடியாமல் போனதுதான் கதை.

தெருவில் அவளைச் சாயக்காரம்மா என்பார்கள். புருஷன் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். அவருடைய தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், வந்த மறுநாளே பின்னறையில் கிடந்த ராட்டையைத் துடைத்து எண்ணெய் விட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணி சாயம் போடுவாள், நாத்தனார் நூல் நூற்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு. கம்பளி அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் பஞ்சாகப் போகும். அந்தப் பக்கத்திலிருந்து நூலாகத் திரும்பி வரும்.

ஆட்டுக்காரர்கள் கத்தரித்துக் கட்டிக் கொடுத்த கம்பளி அழுக்கும் பிசுக்குமாக வரும். அதை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து அலசுவது புருஷனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. கசக்கக் கூடாது. கசக்கினால் கம்பளி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு செருப்புத் தோல்போல் இறுகிவிடும். "பொண்டாட்டிகிட்டப் பேசற மாதிரி அழுத்தாம அலசணும்" என்பார் அவர். "என்கிட்ட எப்ப அப்படிப் பேசினீங்க?" என்பாள் அவள் அடுப்படியிலிருந்து.

அடுப்படியில் இரண்டு அடுப்பு. ஒன்று சோற்றுக்கு, ஒன்று சாயத்துக்கு. பாத்திரமும் கரண்டியும் தனித்தனி. ஒருமுறை அவர் சாயக் கரண்டியால் டீயைக் கலக்கிக் குடித்துவிட்டு, அன்று முழுக்க நீலப் பல்லோடு ஊரார் வீட்டுக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லையாம். "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, நானும் பதிலுக்குச் சிரிச்சேன்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

சாயம் போடும்போது மட்டும் அவளோடு யாரும் பேசக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுட்டதும் சாயப்பொடி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். பச்சைக்கு நீலமும் மஞ்சளும். ஊறவைத்த கம்பளித் துணுக்கு ஒன்றை முக்கி எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிழிந்து பார்ப்பாள். திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் நீலம். திரும்பவும் ஜன்னல். மனசுக்குப் பிடித்ததும் மொத்தக் கம்பளியையும் அமுக்கி, வினிகர் விட்டு, தணலைக் குறைத்து மூடிவிடுவாள். கொதிக்க விடமாட்டாள். கிளறமாட்டாள். நேரம் போகப் போக நிறமெல்லாம் கம்பளிக்குள் ஏறி, தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போல் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்க்கிற நேரத்தில்தான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எத்தனையோ தடவை பார்த்தும் அவளுக்கு அது சலிக்கவில்லை.

அளந்து போடுகிற வழக்கமே அவளுக்கு இல்லை. "அளந்து போட நான் என்ன மருந்துக் கடையா வச்சிருக்கேன்? கண்ணு எதுக்கு இருக்கு?" என்பாள்.

அவள் பச்சைக்குப் பேர் இருந்தது. தறிக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். மழை நின்று இலை சொட்டிக்கொண்டிருக்கும்போது தெரிகிற பச்சை என்று ஒருவர் சொன்னார். உள்ளே எதுவோ அசைகிற மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். அன்று மட்டும் டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. காய்ந்த கம்பளியை நிறம் நிறமாக மூட்டை கட்டிப் பின்னறையில் வைப்பார்கள். சிவப்பு மூட்டை வைத்தது வைத்தபடி இருக்கும். பழுப்பு மூட்டையும் அப்படியே. மஞ்சள் மூட்டை மட்டும் குறைந்துகொண்டே வரும். மஞ்சள் நூல் அதிகம் போவதுமில்லை.

"பூச்சிதான். வேற என்ன?" என்று அந்துருண்டை வாங்கிப் போட்டாள். குறைவது நிற்கவில்லை. இன்னும் போட்டாள். பின்னறைக்குள் போனாலே மூக்கை அடைத்தது.

"அது என்னங்க பூச்சி? மஞ்சளை மட்டும் தின்னுது?"

"அதுக்கு என்ன ருசியோ" என்று புருஷன் குழாய்ச் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார். நாத்தனார் ராட்டையிலிருந்து தலை நிமிர்த்த மாட்டாள்.

அப்புறம்தான் கண்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். வலது கண்ணில் முதலில் எடுத்துவிடலாம், அது ஆறியதும் இடது கண். இடதும் முற்றிக்கொண்டு வருகிறது, தள்ளிப்போடாதீர்கள், விட்டால் இருந்த இடத்திலேயே இறுகிப்போய்விடும் என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். கண்ணுக்கு முன்னால் ஒரு பழைய கண்ணாடி இருப்பதாகவோ அதில் கறை படிந்திருப்பதாகவோ அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஊசி கோக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வலது கண் கட்டைப் பிரித்து, வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டது, "சுவருக்கு எப்ப வெள்ளை அடிச்சீங்க?"

"நான் எங்கடி அடிச்சேன்?" என்றார் அவர்.

அவள் ஒரு கண்ணைப் பொத்தினாள். திறந்தாள். மற்றதைப் பொத்தினாள். வலது கண்ணுக்குச் சுவர் வெளேரென்று, கொஞ்சம் நீலம் தட்டியது போல இருந்தது. இடது கண்ணுக்கு அதே சுவர் டீ சிந்திய துணி. அன்று மாலை முழுக்க அவள் வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளாக எடுத்து மாறி மாறிக் கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் ஒரு கண்ணுக்குப் பால். இன்னொரு கண்ணுக்கு மோர். புருஷனின் சட்டை ஒரு கண்ணுக்கு ஊதா.

"என் மூஞ்சி எந்தக் கண்ணுக்கு நல்லா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

அவள் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு, "இப்பதான் நல்லா இருக்கு" என்றாள்.

சிரித்தார்கள். ஆனால் படுத்தபிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் எப்போது டீ நிறம் ஆனது? ஒரே நாளில் ஆகியிருக்க முடியாது. தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆகியிருக்கிறது. அப்படி வேறு என்னென்ன ஆனது?

அந்த நேரம் பார்த்து வழக்கமாக வாங்கும் தறிக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். மூன்று பட்டைகளைத் தனித்தனியாக நெய்து சேர்த்துத் தைக்கிற பெரிய போர்வை. இரண்டு பட்டை அவள் பச்சையில் முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு நூல் வேண்டும். அதே பச்சை. ஒரு மயிரிழை மாறினாலும் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டர் அனலுக்குப் பக்கத்தில் போகாதே என்று சொல்லியிருந்த நாட்கள் கழிந்ததும் அவள் சாயப் பாத்திரத்தை ஏற்றினாள். புதுக் கண்ணால் முதல் சாயம். இடது கண்ணை முந்தானை நுனியால் மூடிக் கட்டிக்கொண்டாள். ஊற்றினாள், ஜன்னலுக்குப் போனாள், பிழிந்தாள், பார்த்தாள். எப்போதும் எவ்வளவோ நீலம் கேட்கிற பச்சை, அன்று கொஞ்சத்திலேயே போதும் என்று நின்றுவிட்டது. அவளுக்கு அதிசயமாக இருந்தது. தண்ணீர் தெளிந்தது. மறுநாள் கம்பி வலையில் பரப்பிக் காயவைத்த கம்பளி, அவள் மனசில் இருந்த பச்சை எதுவோ அதுவாகவே இருந்தது. இவ்வளவு சரியாக இதுவரை வந்ததே இல்லை என்று நினைத்தாள். பாதியைக் கதவுக்கு அந்தப் பக்கம் கொடுத்தாள்.

நூல் வந்தது. அவள் அதைக் கையில் வாங்கி வாசலுக்குப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். மூட்டையில் மிச்சமிருந்த கம்பளியை ஒரு பிடி எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனாள்.

கம்பளி பச்சை. நூல் மஞ்சள் பூத்த எலுமிச்சங்காய்.

"ஏம்மா, இது நான் கொடுத்த கம்பளிதானே?"

"நீங்க கொடுத்ததுதான் அண்ணி." நாத்தனார் நூல் சிட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "ஏன், என்னாச்சு?"

"உனக்கு இது என்ன நிறமாத் தெரியுது?"

நாத்தனார் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பச்சைதான்..."

"பச்சைதான்னா? பாகற்காயும் பச்சைதான், பாசியும் பச்சைதான்."

"முறுக்கு ஏறினா நிறம் கொஞ்சம் மாறும் இல்லையா அண்ணி?"

"இப்படியா மாறும்?"

நாத்தனார் உள்ளே போய்விட்டாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

அவள் அன்று தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். புருஷனைக் கூப்பிட்டுக் குழாயில் ஏதாவது துரு வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார், தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்த்தார். சோப்பை மாற்றினாள். பின்னறை பல்பைச் சந்தேகப்பட்டாள். கம்பளி மிச்சத்தை மூன்று இடத்தில், மூன்று நேரத்தில் வைத்துப் பார்த்தாள். கம்பளி எங்கே வைத்தாலும் பச்சை. நூல் எங்கே வைத்தாலும் எலுமிச்சங்காய். இடது கண்ணால் பார்த்தபோதோ, இரண்டும் ஒன்றுதான் என்றது அந்தக் கண். கடைசியில் சந்தேகப்பட மிஞ்சியது புதுக் கண் ஒன்றுதான்.

மூட்டையின் மறுபாதியையும் நூற்கக் கொடுத்தாள். "அதே பாத்திரத்துக் கம்பளி. பாக்கலாம்" என்றாள்.

இந்தமுறை நூல் பச்சையாகவே வந்தது. கம்பளிக்கும் நூலுக்கும் நூலளவு வித்தியாசமில்லை.

அவள் இரண்டு சிட்டங்களையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே பாத்திரம். ஒரே சாயம். ஒரே கை நூற்றது. ஒன்று அப்படி, ஒன்று இப்படி. அன்று சோற்றுக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. புருஷன் வந்து ரொட்டியும் முட்டையும் செய்து மூன்று தட்டில் வைத்தார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையின் மஞ்சள்கூட அவளுக்கு இன்று நம்புகிற மாதிரி இல்லை.

"அந்த டாக்டர் ஏதோ தப்பா வச்சிட்டாருங்க" என்றாள்.

"எதை?"

"கண்ணுக்குள்ள வச்சதை. ஒருநாள் ஒண்ணு காட்டுது, இன்னொரு நாள் வேற காட்டுது. இன்னொரு கண்ணைத் தொட விடமாட்டேன். சொல்லிட்டேன்."

"முத்திப்போகும்னு சொன்னாரே."

"முத்தட்டும். இருட்டிப்போகட்டும். அந்தக் கண்ணு என்னைக்கும் என்னை ஏமாத்தினதில்ல. அதை வச்சுத்தானே இத்தனை காலம் பச்சை போட்டேன்? ஊரே வந்து வாங்கிட்டுப் போச்சே? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வரலைன்னு சொல்லிட்டு வந்துருங்க."

புருஷன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சாயக்காரம்மா புதுக் கண்ணால் தெளிவாகப் பார்த்தாள். என்னவென்று புரியவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற சத்தம்போல் ஒன்று கூடத்தின் வழியாகப் போய்விட்டது.

தறிக்காரர் பட்டையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்த காலையில் வெயில் அடித்தது. (இந்த வெயில்தான் நினைவில் இருக்கிற வெயிலாக இருக்க வேண்டும்.) அவர் பேச்சுக்காரர்.

"அக்கா, கண்ணு எப்படி இருக்கு? என்னை அடையாளம் தெரியுதா? முன்னைவிட அழகாத் தெரியறேனா?"

"முன்னையும் ஒண்ணும் பெரிசா இல்ல" என்றாள். அவளுக்குப் பேச மனமில்லை. இரண்டு சிட்டங்களையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பட்டையை வாசல்படியில் விரித்து அதன்மேல் சிட்டங்களை வைத்தார். ஒன்று மஞ்சளடித்துக் கிடந்தது, அதை ஒதுக்கினார். மற்றதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்ல பச்சைதான் அக்கா. ஆனா இது இல்லையே அது."

"எது எது இல்ல?"

"இது வர்ணம் அடிச்ச கதவு மாதிரி இருக்கு. அது அப்படி இல்ல. அதுல உள்ள ஏதோ ஓடும். பாருங்களேன்." பட்டையின் ஓரத்தில் தொங்கிய பழைய நூலைப் பிடித்து முறுக்கை அவிழ்த்தார். இரண்டு விரலால் பிரித்து, வெயிலில் நீட்டினார். "இதோ பாருங்க. மஞ்சள் மயிர் தனியா நிக்குது. இது நீலம் ஏறின பச்சை. ரெண்டும் கலந்துதான் உங்க பச்சை வருது. ஏன் அக்கா, ரெண்டு சாயமாப் போட்டுச் சேப்பீங்களா? தொழில் ரகசியமா? சொல்ல வேண்டாம், சும்மா கேட்டேன்."

அவள் குனிந்தாள். நாத்தனாரும் புருஷனும் பின்னால் வந்து நின்றார்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஆம், மஞ்சள் மயிர். சின்னச் சின்னதாக, பச்சைக்குள் ஒளிந்துகொண்டு. மற்றது பச்சைகூட இல்லை. குளத்து ஆழத்துத் தண்ணீர்போல் நீலம். இப்படி ஒரு நீலத்தை அவள் சாயமாகப் போட்டதாகவே அவளுக்கு ஞாபகமில்லை.

தறிக்காரர் தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்று தெரிந்து, ஆனால் எது என்று தெரியாமல், நூலை மறுபடி முறுக்கி வைக்கப் பார்த்தார்.

"மஞ்சள் மூட்டையிலேர்ந்து நான் எடுத்துப் போடுவேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எதுல?"

"கம்பளியைச் சீவும்போது. பல்லுப் பலகையில பச்சையை வச்சு, மேல ஒரு பிடி மஞ்சள். சேத்துச் சீவிடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷம் பச்சை நீலமா வந்துச்சு. ரொம்ப நீலமா. உங்களைக் கேட்டேன், அண்ணி, நீலம் தூக்கலா இருக்கேன்னு. நீ நூல் நூத்தாப் போதும், நிறம் பாக்க நான் இருக்கேன்னு சொன்னீங்க. அண்ணன்கிட்ட சொன்னேன்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் வாசல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒழுகவில்லை.

"அவர்தான் சொன்னாரு, மனசு ஒடிஞ்சு போயிடுவா, நீயே ஏதாவது பண்ணுன்னு. ஒரு பிடி போட்டேன். சரியா வந்துச்சு. நீங்க அந்த நூலைக் கையில வச்சுக்கிட்டு, பாத்தியாடி என் பச்சையைன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? வர வர நீலம் கூடிட்டே போச்சு. நானும் மஞ்சளைக் கூட்டிட்டே போனேன். இந்தத் தடவை கை தன்னால போட்டுடுச்சு. கம்பளி சரியா இருக்குன்னே நான் பாக்கல. கண்ணை வச்சுப் பாத்துப் போடறது நின்னு போய் ரொம்ப நாளாச்சு. நூல் மஞ்சளா வந்ததும்தான் புரிஞ்சுது. அதனாலதான் ரெண்டாவது தடவை போடல."

"நான் பூச்சின்னு நெனச்சேன்" என்றாள் சாயக்காரம்மா.

"அந்துருண்டை வாடையில எனக்குத் தலைவலியே வந்துடுச்சு அண்ணி."

தறிக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். புருஷன் அடக்கவில்லை, ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்ததும் நின்றது.

"உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"இந்தச் சுவர்? அதுவும் இப்படித்தானே என் கண்ணுக்கு மாறிட்டு இருந்துச்சு. அதையாவது சொல்லியிருக்கலாமே?"

"சுவர் உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் அவர். அது நியாயமான கேள்வி என்பதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அவள் கோபப்படுவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். கோபத்துக்கு ஒரு இடம் வேண்டும். அவளுக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பச்சை தன்னுடையது என்று இத்தனை காலம் வாங்கிக்கொண்ட பேர் யாருடையது? ஊர் பாராட்டியபோதெல்லாம் தான் கையில் வைத்துப் பார்த்துப் பூரித்த நிறம் எது? கண்ணில் ஏறிய கறை நீலத்தை விழுங்க, அவள் நீலத்தை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த நிறம் நூலில் இல்லை, கம்பளியிலும் இல்லை. அவள் கண்ணுக்குள் மட்டும் இருந்திருக்கிறது. அதையும் நூலாக்கி யாருக்கும் காட்ட முடியாது.

"அப்ப நான் எதைத்தான் பாத்துட்டு இருந்தேன்?" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

தறிக்காரர் பட்டையைச் சுருட்டினார். "அக்கா, உங்க வீட்டு விஷயம் நீங்க பேசிக்குங்க. எனக்கு மூணாவது பட்டை மட்டும் இதே மாதிரி வேணும். போத்திக்கப் போறவரு நல்ல உயரம். ரெண்டு பட்டையோட விட்டா முழங்காலுக்குக் கீழ குளிரும்."

அவர் போனபிறகு அவள் சாயப் பாத்திரத்தைக் கழுவினாள். தண்ணீர் ஏற்றினாள். பழைய நூலிலிருந்து பிரித்த நீல மயிரை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக்கொண்டு, புதுக் கண்ணால் அதற்குச் சமமாகச் சாயம் கலக்கப் பார்த்தாள். முடியவில்லை. நீலத்தை ஊற்றிக்கொண்டே வருவாள். அவளுடைய பச்சை வரும். அதைத் தாண்டி ஊற்ற வேண்டும் என்று தெரியும். கை தாண்டாது. நல்ல பச்சையைக் கண்ணெதிரே கெடுக்க மனசு வரவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் துணுக்கைத் தூக்கி எறிந்தாள். மறுபடி கலக்கினாள். மறுபடி அதே இடத்தில் கை நின்றது.

கூடத்துக்குப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கண் மூடியை எடுத்தாள். அதில் காகிதத்தை ஒட்டி, நல்ல கண்ணின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டாள். சுவர் மறுபடி டீ நிறமானது. அடுப்படி மங்கியது. அவளுக்கு வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது.

புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் போடும்போது பேசக் கூடாது. ஆனாலும் கேட்டார்.

"தப்பான கண்ணால எதுக்குடி பாக்கறே?"

"அந்தப் பச்சையை இந்தக் கண்ணுதான் போட்டுச்சு. இதுக்குத்தான் தெரியும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?"

"இதை முடிச்சிட்டு வரேன்னு சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் ஊற்றினாள். ஜன்னலுக்குப் போனாள். போதவில்லை, இன்னும் நீலம். ஜன்னல். இன்னும். கடைசியில் அந்தப் பழைய கண்ணுக்கு, மழை நின்ற இலையின் பச்சை வந்தது. எத்தனையோ தடவை பார்த்த அதே பச்சை. கண் மூடியைத் தூக்கி மற்றக் கண்ணால் ஒருமுறை பார்க்கலாமா என்று கை போனது. பார்க்கவில்லை. கம்பளியை அமுக்கி, வினிகர் விட்டு, மூடினாள். தண்ணீர் தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காய்ந்த கம்பளியை அவளே பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கண் மூடியை இன்னும் அவிழ்க்கவில்லை. நாத்தனாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். மஞ்சள் மூட்டையை நடுவில் இழுத்து வைத்தாள். அந்துருண்டைகள் உருண்டோடின.

"போடு. எவ்வளவு போடுவேன்னு நான் பாக்கணும்."

நாத்தனார் கம்பிப் பல் வைத்த பலகையை மடியில் வைத்துப் பச்சையைப் பரப்பினாள். மஞ்சளில் கை வைத்தாள். எடுத்தாள். கொஞ்சம் திரும்பப் போட்டாள். மறுபடி எடுத்தாள். இன்னொரு பலகையால் சீவினாள். கலந்து வந்ததைப் பார்த்தாள். தலையை ஆட்டிப் பிய்த்துப் போட்டாள். அடுத்ததும் சரியில்லை.

"என்னடி?"

"நீங்க பாத்துட்டு இருந்தா கை வரமாட்டேங்குது அண்ணி."

"திருடும்போது மட்டும் வந்துச்சா?"

"வந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று நாத்தனாருக்கு மூக்கு வழியாக வந்தது. சாயக்காரம்மா எழுந்தாள். "சரி, நான் பாக்கல" என்று வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கூடத்தில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். உள்ளே பலகைகள் ஒன்றையொன்று உரசுகிற சத்தம் கேட்டது. கரகரவென்று, நடுவில் நின்று, மறுபடி கரகரவென்று. அந்த நின்ற இடத்தில்தான் மஞ்சளை எடுக்கிறாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. இத்தனை காலமும் அந்தச் சத்தம் அப்படித்தான் நின்று நின்று கேட்டிருக்கிறது. அவள் காதில் விழுந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராட்டை சுற்ற ஆரம்பித்தது. அவள் அங்கேயே இருந்தாள். எதுவும் யோசித்தாளா என்றால் சொல்லத் தெரியவில்லை.

சிட்டம் வந்தபோது கண் மூடியை அவிழ்த்தாள். பட்டையிலிருந்து அறுத்து வைத்திருந்த பழைய நூலோடு சேர்த்து வாசலில் பிடித்தாள். வலது கண் ஒன்றுதான் என்றது. இடது கண்ணும் ஒன்றுதான் என்றது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எப்படி அண்ணி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே வர நாத்தனாருக்குத் தைரியம் இல்லை.

"நல்ல பச்சை" என்றாள். உன் பச்சை என்பதா, என் பச்சை என்பதா என்று ஒரு கணம் வாய் தடுமாறியது. எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

மூன்றாவது பட்டை முதல் இரண்டோடு தைக்கப்பட்டது. தையல் எங்கே என்று தறிக்காரருக்கே தேட வேண்டியிருந்தது. போர்வை அந்த உயரமான மனிதரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. சாயக்காரம்மா இடது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது இரண்டு கண்ணுக்கும் சுவர் வெள்ளைதான். புருஷனுக்குக் குனிந்து நிமிர முடியவில்லை. குழாய் வேலையைக் குறைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளி மட்டும் அலசுகிறார். தறிக்காரர் இன்னமும் நூலுக்கு வருகிறார். வரும்போதெல்லாம் அந்தப் பழைய பச்சை ஒரு தடவை வராதா என்று கேட்கிறார். அது வரவில்லை. வேறொரு பச்சை வருகிறது, அதையும் வாங்கிக்கொண்டு போகிறார். நாத்தனார் அதே பின்னறையில், அதே ராட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் மூட்டை இப்போதும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. சாயக்காரம்மா அதில் அந்துருண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.